ரசமட்டமும் ரெண்டு நூலும்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ரசமட்டம் குறை சொல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மண்ணுக்குள் இருந்தது.

மற்றதெல்லாம் அவருக்குக் கோணல். பள்ளிக்கூடச் சுவர் கோணல், போலீஸ் ஸ்டேஷன் சுவர் கோணல், மாமனார் வீட்டுச் சுவர் ரொம்பக் கோணல். ஒரு தடவை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸிடம், "ஊசி இருக்கட்டும்மா, அந்த சன்னலக் கொஞ்சம் பாரு, எனக்கு அதப் பாக்கப் பாக்கத்தான் காய்ச்சல் ஏறுது" என்றாராம். காய்ச்சல் இறங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டட வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரசமட்டம் என்பது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கட்டை. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழ். கட்டையைச் சுவர்மேல் வைத்தால் குமிழ் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாக ஓடினால் சுவர் கோணல். எங்கள் கொத்தனார் அந்தக் கட்டையைத் தன் சம்சாரத்தின் பழைய சேலைத் துணியில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் எங்கேயும் போவார். கல்யாண வீடானாலும் சரி, இழவு வீடானாலும் சரி. அதனால் அவருக்கும் அதுவே பேராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் அவரிடம் ஆறு வருஷம் சித்தாள் வேலை பார்த்தேன். சிமெண்டுக்குப் பெர்மிட் எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. ஆனையூர் அப்போது டவுனோடு சேரவில்லை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல்தான். அங்கே ஒரு டீக்கடை. ரசமட்டம் வந்தால் அவர் உட்காரும் முன்னால் பெஞ்சில் கட்டை உட்காரும். ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரோடு எழுந்து நிற்க வேண்டும். அவர் குமிழைப் பார்ப்பார். பிறகு சிகரெட் அட்டையை நாலாக மடித்துப் பெஞ்சுக் காலுக்குக் கீழே கொடுப்பார். மறுபடி பார்ப்பார்.

"ஏண்ணே, டீ குடிக்க வந்தீகளா, பெஞ்சு கட்ட வந்தீகளா?" என்பார் கடைக்காரர்.

"டம்ளரப் பாரு மாப்ள. டீ ஒரு பக்கம் கூடுதலா நிக்குது, ஒரு பக்கம் கொறச்சலா நிக்குது. நீ அளவக் கொறச்சு ஊத்துறன்னு ஊரு பேசும். எல்லாம் ஒனக்காகத்தான் பாக்குறேன்."

கடைச் சுவரில் தொங்கும் காலண்டரையும் அவர்தான் நிமிர்த்துவார். அவர் போன பிறகு கடைக்காரர் வேண்டுமென்றே அதைச் சாய்த்து வைப்பார். மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்காக.

ரசமட்டத்தின் அக்கா மகனுக்குப் பெண் பார்க்க வில்லாபுரம் போனார்கள். பெண் வந்து காப்பி கொடுத்தது. எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். இவர் மட்டும் வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தகப்பனார், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. இந்த வடக்குச் சொவத்த மட்டும் இடிச்சுக் கட்டிருங்க, பேசி முடிச்சுருவோம்" என்றார் இவர்.

வந்தது சண்டை. கடைசியில் இவரே நாலு நாள் போய் அந்தச் சுவரை இடித்துக் கட்டிக் கொடுத்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் நேராக நிற்பது அந்த ஒரு சுவர்தான் என்று அந்தப் பெண்ணே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதையாவது மன்னிக்கலாம். இவருடைய பெரிய மாமா செத்துப்போன வீட்டில், பெஞ்சில் கிடத்தி மாலை போட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் மெதுவாகக் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் போய், ஒரு காலுக்குக் கீழே செங்கல் சில்லை வைத்துத் தட்டுகிறார். அழுதவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னப்பா பண்ற?" என்று அத்தைக்காரி கேட்டதற்கு, "அறுவது வருசமா மாமா கோணல் வீட்டுலயே படுத்துக் கெடந்தாரு அத்த. கடைசியா ஒரு நாளாச்சும் மட்டமாப் படுக்கட்டும்" என்றார். அத்தைக்காரி அதைக் கேட்டு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் இவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை இடத்தில் இவரோடு பேசவே எனக்குப் பயம். கல் எடுத்துக் கொடுப்பேன், சாந்துச் சட்டி தூக்குவேன், கேட்டால் "ம்" என்பேன். ஒரு நாள் கால் தடுக்கி, சுவருக்குக் கட்டியிருந்த நூலை மிதித்துவிட்டேன். "ஏ தாயி, நூலத் தாண்டாத, மிதிக்காத, தொடாத. அது கொத்தனாரோட நூலு" என்றார். அவர் சொன்னது வழக்கத்தில் இருந்ததுதான். சித்தாள் கல்லைச் சுமக்கலாம், கையில் கொடுக்கலாம். சுவரில் வைக்கக் கூடாது. சாந்து பூசுகிற கரணையைத் தொடக் கூடாது. பொம்பளை கை வைத்த சுவர் நிற்காது என்பார்கள். அப்படி வைத்ததைப் பார்த்தால் மற்ற கொத்தனார்கள் சாரத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். அந்தச் சித்தாளை அப்புறம் எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பேச்சி சொல்லுவாள்: "கல்லுக்கு நம்ம தலை வேணும்டி, கை வேணாம்."

ஆனையூருக்கு மேற்கே ஒரு ரைஸ் மில்காரர் கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்தார். தை மாதம் தன் மகள் கல்யாணத்தை அதே மண்டபத்தில் முதல் கல்யாணமாக நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஐப்பசி பிறந்தும் நாங்கள் அஸ்திவாரத்துக்குக் குழிதான் தோண்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் அதை வானம் பறிப்பது என்போம். கிழக்கு மூலையில் நாலடி ஆழத்தில் கடப்பாரை எதிலோ இறங்கியது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் செங்கல்.

நாங்கள் சுமக்கிற செங்கல் மாதிரி இல்லை. அதைப்போல் ரெண்டு மடங்குக்கு மேல் நீளம், அகலமும் கூடுதல். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், எங்கள் கல் மூன்றின் கனம். கடப்பாரை பட்டதில் மேல் வரிசையில் மூன்று கல் உடைந்திருந்தது. குழிக்குள்ளேயே பக்கத்தில் முழுக் கற்கள் சில சரிந்து கிடந்தன.

"புதையலா இருக்குமாடி?" என்று பேச்சி என் காதில் கேட்டாள்.

ரசமட்டம் குழிக்குள் இறங்கினார். தோளில் கிடந்த துண்டால் மண்ணைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தார். பத்தடிக்கு மேல் நேராக ஓடி ஒரு மூலையில் திரும்பியது அந்தச் சுவர். அவர் மஞ்சப்பையைத் திறந்து கட்டையை எடுத்து வைத்தார். பார்த்தார். எடுத்து வேறு இடத்தில் வைத்தார். ஆறு இடத்தில் வைத்தார். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

நெஞ்சு வலியோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். "என்னண்ணே செய்யுது?"

"தண்ணி குடு தாயி."

கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஒரு நூல்கூட இல்ல" என்றார்.

ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கொத்தனார்கள் பேச்சில் அதற்குக் கீழே அளவு கிடையாது. அவர் வாழ்நாள் முழுக்க எல்லாச் சுவரிலும் ரெண்டு நூல், நாலு நூல், அரை இஞ்சு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே கட்டுனது?" என்று மேலேயிருந்து ஒருவன் கேட்டான்.

"தெரியல. நம்ம ஆளுக இல்ல. நம்ம ஆளுகளுக்கு இம்புட்டுப் பொறுமை கெடையாது."

மதியம் மில்காரர் ஸ்கூட்டரில் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, பழைய தொட்டி ஏதோ கெடக்கு. ஒடச்சு அள்ளிப் போட்டுட்டு வேலையப் பாருய்யா. தை வந்துருச்சு" என்றார்.

"ஒடைக்க மாட்டேன் மொதலாளி."

"ஏன்?"

"கோணலா இருந்தா ஒடைப்பேன். இதுல ஒடைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

மில்காரருக்கு அந்தப் பதில் புரியவில்லை. அதனால் கோபம் வந்தது. "நீ ஒடைக்காட்டிப் போ. மேலூர்லருந்து ஆளக் கூட்டியாரேன். அவன் ஒரு மணி நேரத்துல ஒடைப்பான்."

ரசமட்டம் உடைந்த கல்லின் பாதியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டாராம்: "மடியில என்னண்ணே, பச்சப்புள்ளையா?"

"இல்ல தம்பி. நம்ம எல்லாரையும்விட மூத்தது."

"அப்ப அதுக்கும் ஃபுல் டிக்கெட் எடுங்க."

டவுனில் பழைய கட்டடங்களை ஆராய்கிற அரசாங்க ஆபீஸ் இருப்பதை எப்படியோ விசாரித்துப் போய்விட்டார். அங்கே கல்லைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்களாம். நாற்காலி ஒரு பக்கம் ஆடியதாம், அவர் அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லையாம். புதன்கிழமை ஆபீஸர் நேரில் வந்து பார்ப்பார், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று மில்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கட்டடம் என்று ஆபீஸர் எழுதினால் சுவரை உடைக்க முடியாது, மண்டபம் தள்ளிப் போக வேண்டும். இல்லை என்று எழுதினால் அன்றைக்கே உடைத்துவிடலாம். மில்காரர் மேலூர் ஆட்களைப் புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

வேலை நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் ரசமட்டம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தாயி, ஒரு குடம் தண்ணி எடுத்துக்கிட்டு வா" என்றார்.

போனேன். அங்கே எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருத்தரும் இல்லை. அவர் குழிக்குள் இறங்கி அந்த மூன்று உடைந்த கல்லையும் காட்டினார்.

"மூணு நாளாச் சோறு எறங்கல தாயி. நாளைக்குப் பெரிய படிப்பு படிச்சவுக வந்து பாப்பாக. இதப் பாத்தா என்ன நெனப்பாக? கட்டுனவன் அரைகொறையா விட்டுட்டுப் போயிட்டான்னு நெனைக்க மாட்டாகளா? ஒடச்சது நம்ம. கெட்ட பேரு அவனுக்கா?"

"கை வைக்கக் கூடாதுன்னு எழுதிருக்காகளேண்ணே."

"ஒடைக்கத்தான் கை வைக்கக் கூடாது. ஒக்குட்டுச் சரி பண்றதுக்கு என்ன?"

இப்படி ஒரு தப்பை ஒரு கொத்தனாரால்தான் செய்ய முடியும். எனக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை. நான் அந்த இடத்து மண்ணையே பிசைந்து கொடுத்தேன். குழிக்குள் சரிந்து கிடந்த முழுக் கற்களில் மூன்றைத் தேர்ந்து, தேய்த்துச் சுத்தம் செய்தார். முதல் கல்லை வைத்தார். ரெண்டாவதை வைத்தார். பழைய கல் எது, வைத்த கல் எது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. மூன்றாவது கல்லுக்கு, மூலையில் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தார். ஒரு கையில் நூலை இழுத்துப் பிடித்திருந்தார், இன்னொரு கையால் சரிந்து வந்த மண்ணைத் தடுத்திருந்தார்.

"அந்தக் கல்ல எடுத்து வையி தாயி."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

"என்னண்ணே?"

"கல்ல வையின்னேன். பாத்துக்கிட்டே நின்னா மண்ணு காஞ்சிரும்."

"நானாண்ணே?"

"வேற யாரு இருக்கா இங்க, பாண்டிய ராஜாவா?"

ஆறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கல் தலையில் தூக்கியிருக்கிறேன். ஒன்றையும் அதன் இடத்தில் வைத்ததில்லை. சும்மாட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கல்லை எடுத்தேன். வைத்தேன். அது வழுக்கிக்கொண்டு போய்த் தானாக உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அழுத்தும்போது கையில் போட்டிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் வளையல் ஒன்று உடைந்து தெறித்தது. சித்திரைத் திருவிழாவில் வாங்கியது. தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்து, கட்டையை எடுத்து நான் வைத்த கல்லின் மேல் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கட்டையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். சரியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் குடத்தை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதன்கிழமை ஆபீஸர் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். ஒரு சின்னக் கத்தியும் பெயிண்ட் அடிக்கிற மாதிரி பிரஷும் வைத்திருந்தார். மேலே மில்காரர், மேலூர் ஆட்கள் கடப்பாரையோடு, நாங்கள், அப்புறம் பாதி ஊர். ஆபீஸர் சுவரை அளந்தார், கல்லைத் தட்டினார், அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு மூலைக்குப் போய் ரெண்டு கல்லுக்கு நடுவில் கத்தியை விட்டு மண்ணைச் சுரண்டினார்.

சிவப்பாக ஒரு துண்டு வெளியே வந்தது. அவர் அதைத் துடைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

மில்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாண்டிய ராஜா வீட்டுப் பொம்பளைகள்லாம் பிளாஸ்டிக் வளையலா சார் போட்டாக?"

நான் ரெண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆபீஸரின் முகம் மாறிவிட்டது. "கல்லுக்கு நடுவுல புதுச் சாமான் கெடக்கு. யாரோ எடுத்துக் கட்டியிருக்காங்க. எது பழசு, எது புதுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பழைய கட்டடம்னு நான் எழுத முடியாது."

"அப்ப ஒடைச்சிரலாம்ல சார்?" என்றார் மில்காரர். மேலூர் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

ரசமட்டம் குழிக்குள் இறங்கினார்.

"நான்தான் சார் கை வச்சேன்."

"நீங்களா?"

"எங்க கடப்பாரை பட்டு மூணு கல்லு ஒடஞ்சுபோச்சு. ஒங்க கண்ணுல அப்படிப் படக் கூடாதுன்னு மூணயும் மாத்தி வச்சேன். மத்தது எதையும் தொடல."

"இந்த வளையல்?"

"என்னோடதுதான் சார்."

மேலே நின்ற ஊரே சிரித்தது. ஆபீஸரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "பெரியவரே, நீங்க வளையல் போடுவீங்களா?"

"வேலையில்லாத நாள்ல போடுவேன் சார்" என்றார், முகம் மாறாமல்.

பேச்சிதான் பக்கத்தில் நின்றவளிடம், "சித்தாளு மண்ணு பெசஞ்சப்ப விழுந்திருக்கும், இதுக்கு என்ன பஞ்சாயத்து" என்று சொல்லி வைத்தாள். அவளுக்கு அதற்கு மேல் தெரியாது. எல்லோரும் அதையே நம்பிவிட்டார்கள். நான் நிமிரவேயில்லை.

"எந்த மூணு கல்லு, காட்டுங்க" என்றார் ஆபீஸர்.

"இது ஒண்ணு. இது ஒண்ணு. மூலையில அது ஒண்ணு."

ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே. நீங்க முப்பது கல்லு மாத்திட்டு மூணுன்னு சொன்னாலும் நான் நம்பணும்."

வேறொரு நாளாக இருந்தால் இந்த வார்த்தையைக் கேட்டு ரசமட்டம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அன்றைக்குப் பையைத் திறந்து கட்டையை எடுத்தார்.

"இந்த ரெண்டுலயும் தெரியாது சார். மூணாவதுல தெரியும். குனிஞ்சு பாருங்க."

பழைய கல் ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டினார். குமிழ் நடுவில் நின்றது. நகர்த்தி வைத்தார். நின்றது. சுவரின் கடைசிவரை போனார். நின்றது. பிறகு மூலைக்கு வந்து, நான் வைத்த கல்லின் மேல் வைத்தார். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது.

"ரெண்டு நூல் எறங்கியிருக்கு சார். இந்தச் சொவத்தக் கட்டுனவன் இப்படி வைக்க மாட்டான். இது நான் வச்சது. கோணல்."

அவர் வாயால் 'நான்' என்பதற்குப் பக்கத்தில் 'கோணல்' என்ற வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டோம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்றே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டையைச் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறார். நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் மேலே பார்த்து, "ஏ தாயி, தண்ணி கொண்டா" என்று அதட்டினார். போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஆபீஸர் தரையோடு தரையாகக் குனிந்து ஒவ்வொரு இடுக்காகக் கத்தியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கற்களுக்கு நடுவில் தலைமுடி மாதிரி வேர்கள் நெருக்கமாக ஓடியிருந்தன. எந்தக் காலத்து மரமோ, எப்போது பட்டுப்போனதோ. ரசமட்டம் காட்டிய மூன்று கல்லைச் சுற்றி மட்டும் வேர் இல்லை.

ஆபீஸர் எழுந்து நின்றார். "நீங்க சொன்னது சரிதான். அந்த மூணு மட்டும்தான் புதுசு. மத்தது ஆயிரம் வருஷத்துக்குக் கொறையாது." அப்புறம் மில்காரரைப் பார்த்து, "ஒடைக்கக் கூடாதுங்க" என்றார்.

மில்காரருக்குத் தை மாதக் கல்யாணம் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஊரான் சொவத்துக்கெல்லாம் கோணல் சொன்ன மேஸ்திரி லட்சணத்தப் பாத்தீகளா? இவர் வச்சது மூணே மூணு கல்லு. அதுலயே ஒண்ணு ரெண்டு நூலு."

மேலூர் ஆட்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். அவர்கள் மேலூர் போய்ச் சேரும் முன்பே ஆனையூரில் அவர் பேர் மாறிவிட்டது. ரசமட்டம் போய் ரெண்டு நூல் ஆகிவிட்டார்.

ஆபீஸ் ஆட்கள் பத்து நாள் தோண்டினார்கள். படம் பிடித்து, அளவெடுத்து, பெரிய கட்டடத்தின் ஒரு மூலை இது என்றார்கள். பிறகு மணலைப் போட்டுப் பத்திரமாக மூடி, கம்பி வேலி போட்டார்கள். மண்டபம் இருபதடி மேற்கே தள்ளிக் கட்டப்பட்டது. வைகாசியில் கல்யாணம் நடந்தது. மில்காரர், 'பாண்டியர் அரண்மனை அருகில்' என்று பத்திரிகையில் அச்சடித்துக்கொண்டார். அரண்மனை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பேப்பரிலும் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும் என்பதால் ரசமட்டம் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ரெண்டு நூல் கோணலப் பத்திப் போட்டிருக்கானா?"

"இல்லண்ணே."

"ஒரு நூல்கூட இல்லாம கட்டுனானே, அதப் பத்தி?"

"அதுவும் இல்லண்ணே."

"அப்ப என்னத்தத்தான் போட்டான்?" என்று பேப்பரை வாங்கி மடித்து, கட்டையோடு சேர்த்துச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீக்கடையில் மட்டும் நிலைமை மாறிவிட்டது. கடைக்காரர் காலண்டரைச் சாய்த்து வைத்துவிட்டு, "ரெண்டு நூல்தானண்ணே, இருந்துட்டுப் போகுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் ஆடுகிற பெஞ்சிலேயே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். கட்டை பைக்குள்ளேயே இருக்கும். நான் சாந்துச் சட்டியோடு அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். தலையில் இருப்பதைவிட நெஞ்சில் கனம் கூடுதலாக இருக்கும்.

ஒரு நாள் மனசு கேட்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன். ஆறு வருஷத்தில் நானாக அவரிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

"ஏண்ணே, கோணல்னு அன்னைக்கே தெரியும்ல? எடுத்துட்டு நேரா வச்சிருக்கலாம்ல?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அது ஒன்னோட மொதக் கல்லு தாயி. கொத்தனாரோட மொதக் கல்ல யாரும் எடுக்க மாட்டாக. அது வழக்கம்."

நான் கொத்தனார் இல்லையே என்று வாய்வரை வந்தது.

"என் மொதக் கல்லயும் எங்க மேஸ்திரி எடுக்கல. அது மூணு நூலு. எவன்கிட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. எனக்கு அப்புறம் யாரும் கரணை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவரும் வழக்கம்போல, "நூலத் தாண்டாத தாயி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நான் அவர் கையில் கல் கொடுக்கும்போது மட்டும், திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் கொடுத்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

பல வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்த சேதி வந்தபோது நான் வேலையை விட்டிருந்தேன். பேச்சியோடு போனேன். வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அந்த மஞ்சப்பை இருந்தது. "ரெண்டு நூலு நல்ல மனுசன்யா" என்று டீக்கடைக்காரர் யாரிடமோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டமாக ஆட்கள் இருக்கிற இடத்தில் ஒரு ஓரமாக நின்று பழகியவள் நான். ஆனாலும் போய், கீழே கிடந்த செங்கல் சில்லு ஒன்றை எடுத்துக் குனிந்து, பெஞ்சுக் காலுக்குக் கீழே கொடுத்துத் தட்டினேன். அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தாயி பண்ற?" என்றார் டீக்கடைக்காரர்.

"ரெண்டு நூல் எறங்கியிருந்துச்சு" என்றேன்.

அந்த ரெண்டு நூல் என்னுடையது என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன் அண்ணே.